தொடாமல் தூக்கும் பயிற்சி

லாரிக்காரர் பாதி வழியில் இருக்கும்போதுதான் உத்தரவு வந்தது. பாதி வழி என்றால் நெடுஞ்சாலையில் இல்லை. லாரி கவிழ்ந்து முதுகுத்தண்டு நசுங்கிய பிறகு அவருடைய பயணமெல்லாம் சக்கர நாற்காலியிலிருந்து கட்டில்வரைதான். நடுவில் வழுவழுவென்று தேய்த்த ஒரு பலகை. அதன் மேல் உட்கார்ந்து, கையை ஊன்றி, உணர்ச்சியில்லாத இடுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி அந்தக் கரைக்குப் போய்ச் சேர வேண்டும். உடம்பில் பாதி நாற்காலியிலும் பாதி பலகையிலுமாக அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். எதிரே குனிந்து, தன் முட்டியால் அவர் முட்டிக்கு முட்டுக்கொடுத்து, இடுப்புப் பட்டையைப் பிடித்தபடி நின்றிருந்தாள் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிஸ்ட், எல்லாருக்கும் பிசியோம்மா.

"தலையை எனக்கு வலப்பக்கம் சாய்ங்க. தலை இந்தப் பக்கம் வந்தா இடுப்பு அந்தப் பக்கம் போகும். லோடு ஏத்தின வண்டியை வளைக்கிற மாதிரி நினைச்சுக்கோங்க."

"வளைச்சுத்தானேம்மா இங்க வந்து படுத்திருக்கேன்," என்றார் லாரிக்காரர்.

"கையை எடுங்க!" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

வாசலில் போர்ட்டல் சார் நின்றிருந்தார். அந்த ஆஸ்பத்திரியில் பயிற்சிப் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. சம்பளம் ஏன் வரவில்லை என்று கேட்டாலும், குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்டாலும், ஆஸ்பத்திரியின் இணையதளத்தைக் காட்டி "போர்ட்டல்ல பாருங்க" என்று அவர் சொல்லிச் சொல்லி, அந்தப் பெயர் அவர் மேல் ஒட்டிக்கொண்டது. அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

"இன்னையிலேர்ந்து முதுகுத்தண்டுல அடிபட்டவங்களை ஆன்லைன் பயிற்சி முடிச்சு சான்றிதழ் வாங்கின பிசியோ மட்டும்தான் தொடலாம். நீங்க இன்னும் முடிக்கலை."

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே சார். எப்போ வந்தது உத்தரவு?"

"இப்போதான். அதான் கையை எடுக்கச் சொல்றேன்."

"அவர் பாதியில இருக்காருங்க. விட்டா விழுந்துடுவாரு."

"அவராப் போயிடுவாரு."

"அவராப் போறதா இருந்தா நான் எதுக்கு சார்?"

போர்ட்டல் சார் நியாயமான மனிதர். யோசித்தார். பிறகு தாழ்வாரத்தில் பெருக்கிக்கொண்டிருந்தவரையும் வாயில் காவலரையும் கூப்பிட்டார். ஆளுக்கொரு அக்குளைப் பிடித்து அவர்கள் லாரிக்காரரை மூட்டை மாதிரி கட்டிலில் போட்டார்கள். கால் ஒன்று கட்டில் சட்டத்தில் இடித்து, தோல் உரிந்தது. லாரிக்காரருக்கு அது தெரியவில்லை, அவருக்குத் தெரியாது என்பதால் பிசியோம்மாவுக்குத்தான் வலித்தது.

"இவங்க மட்டும் தொடலாமா?"

"இவங்க பிசியோ இல்லையே! உத்தரவு பிசியோக்களுக்குத்தான்," என்றார் போர்ட்டல் சார். இவ்வளவு தெளிவாக இருக்கிற ஒன்று அவளுக்கு ஏன் புரியவில்லை என்று அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை லாரிக்காரரை வீட்டுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. அவர் மனைவி ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். விடிந்ததும் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். வீட்டில் வேறு ஆள் கிடையாது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் தானாகவே மாறத் தெரியாமல் இந்த மனிதர் வீட்டுக்குப் போனால், பகல் முழுக்கப் போட்டது போட்ட இடத்தில் கிடப்பார். கிடந்த இடத்தில் தோல் கன்றும், வெந்து போகும், அழுகும். அவருக்கு எதுவும் தெரியாது. அப்படி வீட்டுக்குப் போன ஒருவர் முதுகில் முஷ்டி நுழைகிற அளவுக்குப் புண்ணோடு திரும்பி வந்ததைப் பிசியோம்மா பார்த்திருக்கிறாள். அந்த ஆள் மறுபடி வீட்டுக்குப் போகவில்லை. அதனால்தான் வெள்ளிக்கிழமைக்குள் எப்படியாவது இவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட அவள் அவசரப்பட்டாள்.

"அப்போ சீக்கிரம் பயிற்சியை முடிச்சுட்டு வாங்க," என்றாள் லாரிக்காரரின் மனைவி. "எங்க வீட்டுக் கட்டில் என் முட்டிக்கு ரெண்டு விரல் கீழ இருக்கு. இந்தக் கட்டில் முட்டிக்கு மேல. அதுவும் சொல்லிக்குடுக்கணும்னு நீங்கதான் சொன்னீங்க."

சொன்னது பிசியோம்மாதான். தாழ்ந்த கட்டிலிலிருந்து உயரமான நாற்காலிக்கு ஏறுவதுதான் கஷ்டமான பகுதி. அதை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

பயிற்சி அறை என்பது வார்டை ஒட்டி, பழைய ஊன்றுகோல்கள் போட்டு வைக்கிற அறை. ஊன்றுகோல்களை ஒரு மூலையில் சாய்த்துவிட்டு ஒரு கம்ப்யூட்டரையும் ஒரு நாற்காலியையும் வைத்திருந்தார்கள். திரையில் ஒரு பச்சை வட்டம். அந்த வட்டத்துக்குள் முகம் இருக்க வேண்டும். முகம் விலகினால், "நீங்கள் இல்லை. பாடம் முதலிலிருந்து தொடங்கும்" என்று ஒரு பெண்குரல் சொல்லும். குரலில் கோபமே இருக்காது. கோபம் இருந்தாலாவது பதிலுக்குத் திட்டலாம்.

முதல் பாடம் போர்ட்டல் பிறந்த கதை. ஆஸ்பத்திரி டைரக்டரின் வரவேற்புரை. டைரக்டரின் வரவேற்புரைக்குப் போர்ட்டல் சாரின் நன்றியுரை. அதைத் தாண்டி வந்ததும் முதல் கேள்வி: முதுகுத்தண்டு காயம் அடைந்தவரைத் தொடுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்? கை கழுவ வேண்டும் என்று அழுத்தினாள். தவறு. அவரிடம் சொல்லி, சம்மதம் கேட்க வேண்டும் என்று அழுத்தினாள். தவறு. தோலைப் பார்க்க வேண்டும். அதுவும் தவறு. கடைசியாக மிச்சமிருந்தது "போர்ட்டலில் உள்நுழைய வேண்டும்". அழுத்தினாள். திரை முழுக்கப் பூ கொட்டியது.

இரண்டாவது பாடம் கொஞ்சம் நன்றாகவே இருந்தது. ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு ஆபத்து என்பதைப் பற்றி அந்தக் குரல் உருகி உருகிப் பேசியது. அடிக்கடி கையை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும், இப்படியும் அப்படியும் சாய வேண்டும், இல்லாவிட்டால் புண் வரும். கேட்கக் கேட்கப் பிசியோம்மாவுக்கும் கால் மரத்தது. கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நீங்கள் இல்லை. பாடம் முதலிலிருந்து தொடங்கும்."

மறுபடியும் போர்ட்டல் பிறந்தது. டைரக்டர் வரவேற்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் லாரிக்காரர் சும்மா கிடக்கவில்லை. தானாகவே முயற்சி செய்து பார்ப்பதும், பலகை தடாலென்று விழுவதும் கேட்டது. "பிசியோம்மா! பலகையை எவ்வளவு உள்ள தள்ளணும்?" என்று கத்தினார். "பாதி தொடைக்கு அடியில போகணும்! பிரேக் போட்டீங்களா?" என்று இவளும் திரும்பாமலே கத்தினாள். "வெளிச் சத்தம் கேட்கிறது. நீங்கள் தனியாக இல்லை," என்றது குரல். டைரக்டர் வரவேற்றார். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத இரண்டு பேரும் இப்படியே பகலை ஓட்டினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைப் பச்சை வட்டத்துக்குள் வைத்திருப்பது எவ்வளவு கொடுமை என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அழுகை வந்தது. அழுதால் தலை குனியும், தலை குனிந்தால் பாடம் போய்விடும். அதனால் நிமிர்ந்தே அழுதாள்.

மூன்றாவது பாடத்தில் ஒரு நோயாளி வந்தார். பொம்மை நோயாளி. கோட்டு போட்டு, தலை வாரி, சிரித்த முகமாக இருந்தார். அவரை மவுசால் இழுத்துக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டும். இழுத்தாள். தொப்பென்று கீழே விழுந்தார். அவள் பதறிப்போய் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தாள், அவ்வளவு வருஷப் பழக்கம். அதற்குள் பொம்மை நோயாளி தானாக எழுந்து, கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, விறுவிறுவென்று நடந்து போய்க் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டு, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் சிரித்தார்.

போர்ட்டல் சாரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"சார், இவரு எழுந்து நடக்கறாரு."

"ஆமா, நல்லா ஒத்துழைக்கிறாரு. உங்க நோயாளிங்கதான் இப்படி ஒத்துழைக்க மாட்டேங்கறாங்க," என்றார் போர்ட்டல் சார்.

வியாழக்கிழமை எப்படியோ செய்முறைத் தேர்வுவரை வந்து சேர்ந்தாள். அதில்தான் முடிச்சு இருந்தது. உண்மையான நோயாளி ஒருவரை வைத்து, காமிரா முன்னால் செய்து காட்ட வேண்டும். சான்றிதழ் இல்லாமல் நோயாளியைத் தொடக் கூடாது. செய்து காட்டாமல் சான்றிதழ் கிடையாது.

"எப்படி சார் செய்யறது?"

"தொடாம செய்ங்க."

"தொடாம எப்படித் தூக்கறது?"

"அதுக்குத்தானேம்மா பயிற்சி!"

வேறு வழியில்லை. லாரிக்காரரைப் பயிற்சி அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள் அவர் மனைவி. ஒரு கட்டிலையும் கொண்டுவந்து போட்டார்கள். பிசியோம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்று வாயால் மட்டும் சொன்னாள். பிரேக் போடுங்க. கைப்பிடியைக் கழட்டுங்க. பலகை. ஒரு கை கட்டில்ல, ஒரு கை நாற்காலியில. இப்போ தலையைச் சாய்ங்க, தூக்குங்க, தள்ளுங்க. லாரிக்காரர் தள்ளினார். பலகை வழுக்கியது. அவர் முன்பக்கம் கவிழப் போக, பிசியோம்மாவின் கை தானாக முன்னால் வந்தது. வந்த கையை இன்னொரு கையால் பிடித்து நிறுத்திக்கொண்டாள். மனைவி "ஐயோ" என்று கண்ணை மூடிக்கொண்டாள். லாரிக்காரர் ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கைகளால் கட்டில் சட்டத்தை எட்டிப் பிடித்து, ஒரே தம்மில் உடம்பை இழுத்து, கட்டிலில் போய் விழுந்தார்.

"போயிட்டேன்!" என்று கத்தினார்.

திரையில் பூ கொட்டியது. "வாழ்த்துகள். நீங்கள் தேர்ச்சி பெற்றுவிட்டீர்கள்," என்றது குரல். அது முதல்முறையாக அவளுக்கு இனிமையாகக் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள். சான்றிதழில் லாரிக்காரரின் படம் இருந்தது. வியர்வை வழிய, வாயைப் பிளந்துகொண்டு, பச்சை வட்டத்துக்கு நட்டநடுவில் அவர்தான் இருந்தார். கீழே "முதுகுத்தண்டு காய சிறப்பு இயன்முறையாளர்" என்று போட்டிருந்தது.

சுவரோரம் நின்றவளுக்கும் ஒரு முடிவு வந்திருந்தது. "உடனிருந்தவர்: தேர்ச்சி பெறவில்லை. முதல் பாடத்திலிருந்து தொடங்கவும்."

"தப்பா வந்திருக்கு சார், மாத்துங்க," என்று அவள் கெஞ்சினாள்.

"போர்ட்டல் தப்பு பண்ணாதும்மா," என்றார் போர்ட்டல் சார். "அதோட, இந்த ஆஸ்பத்திரியிலேயே பாஸான முதல் ஆள் இவருதான். ஒருத்தராவது பாஸாகலைன்னா டைரக்டர் என்னைக் கேப்பாரு."

மறுநாள், அந்த வெள்ளிக்கிழமை, லாரிக்காரர் வீட்டுக்குப் போகவில்லை. வார்டு நடுவில் நாற்காலிகள் போட்டு, அவர் கழுத்தில் அடையாள அட்டை மாட்டி, டைரக்டர் பேசினார்.

"முன்னெல்லாம் இந்த ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க குணமாகி வீட்டுக்குப் போயிட்டே இருந்தாங்க. நம்மகிட்ட எதுவும் தங்கலை. இப்போ அந்த நிலைமையைத் தாண்டிட்டோம். பயிற்சி ஆரம்பிச்சதுலேர்ந்து நம்ம பிசியோக்களால ஒரு நோயாளிக்குக்கூட ஒரு சின்னத் தவறும் நடக்கலை. ஏன்னா அவங்க யாரையும் தொடலை. இதைவிடப் பாதுகாப்பான சிகிச்சை உலகத்துல எங்க இருக்கு? நான் இதுவரைக்கும் வார்டுக்குள்ள வந்ததில்லை. இன்னைக்குத்தான் வர்றேன். வந்து பார்த்தா எல்லாரும் அமைதியாப் படுத்திருக்காங்க. மனசு நிறைஞ்சுபோச்சு."

எல்லாரும் கை தட்டினார்கள். படுத்திருந்தவர்களில் கை அசைகிறவர்கள் தட்டினார்கள்.

அதற்குப் பிறகு புது விதி வந்தது. சான்றிதழ் பெற்றவரின் நேரடி மேற்பார்வையில் மற்றவர்கள் நோயாளியைத் தொடலாம். பெருக்குகிறவரும் காவலரும் தொட்டுக்கொண்டிருந்த ஓட்டையையும் போர்ட்டல் சார் அதே கையோடு அடைத்துவிட்டார். ஆக, ஒருவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டுமென்றாலும் லாரிக்காரரைத் தள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். லாரிக்காரருக்கு மவுசு ஏறிப்போனது. "கை கழுவினீங்களா? எங்க, காட்டுங்க," என்று மிரட்டினார். தலையைச் சாய்த்து அடையாள அட்டை தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டார். அவர் நோயாளி என்ற கணக்கு முடிக்கப்பட்டது. அதனால் அவருக்கு மருந்து கிடையாது, பார்க்க ஆள் கிடையாது. அவர் கட்டிலுக்கு மேல் "மேற்பார்வையாளர் அறை" என்று ஒரு தாளை ஒட்டினார்கள்.

எல்லாரும் போன பிறகு பிசியோம்மா அவரிடம் வந்தாள்.

"தாழ்ந்த கட்டில்ல இருந்து ஏறணும். அது பாக்கி இருக்கு. வாங்க, ஆரம்பிக்கலாம்."

"எனக்கா? நான் ஸ்டாஃப்மா. மேற்பார்வை நிறைய இருக்கு. போர்ட்டல்ல போட்டு வைங்க, பாக்கறேன்."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உங்களைத் திருப்பிப் படுக்க வெச்சு எவ்வளவு நேரமாச்சு?" என்று கேட்டாள். "எல்லாரையும் திருப்பச் சொல்லி உத்தரவு போட்டீங்களே, உங்களை யார் திருப்பினா?"

அவர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "யாரும் இல்லம்மா. சும்மாதான் அப்படிச் சொன்னேன். இந்த அட்டையை மாட்டினதும் நாலு பேரு முகத்தைப் பாத்துப் பேசறாங்க. இதுக்கு முன்னாடி எல்லாரும் காலைப் பாத்துத்தான் பேசுவாங்க."

அவள் அவரைச் சாய்த்துப் பார்த்தாள். இடுப்பெலும்புக்கு மேல் சிவந்திருந்தது. விரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் அந்தச் சிவப்பு போகவில்லை. புண் ஆரம்பித்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து லாரிக்காரரின் மேற்பார்வையில் லாரிக்காரருக்கு சிகிச்சை நடந்தது. முதலில் சிவப்பு மறைகிறவரை உட்காரவே விடாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். "தொடலாமா சார்?" என்று அவள் கேட்பாள், "தொடலாம்," என்று அவர் கம்பீரமாகச் சொல்வார். பிறகு கட்டிலின் கால்களைக் கழற்றிவிட்டு, அடியில் செங்கல் கொடுத்து, அவர் மனைவியின் முட்டிக்கு ரெண்டு விரல் கீழே வைத்து, ஏறச் சொன்னாள். விழுந்தார், திட்டினார், பிள்ளை மாதிரி அழுதார். மறுபடி ஏறினார். போர்ட்டல் சார் எட்டிப் பார்க்கும்போதெல்லாம், "பயிற்சி நடக்குது சார்," என்றார் லாரிக்காரர். போர்ட்டல் சாருக்கு அது திருப்தியாக இருந்தது. யாருக்கு நடக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

மேலே ஏறுவது கைவந்த அன்றைக்கு அவர் மனைவி வேனோடு வந்துவிட்டாள்.

"கூட்டிட்டுப் போறேன்," என்றாள்.

"முடியாதும்மா," என்றார் போர்ட்டல் சார். "நோயாளியைத்தான் வீட்டுக்கு அனுப்ப முடியும். இவரு நோயாளி இல்லை."

"ஸ்டாஃப்தானே?"

"ஆமா, ஸ்டாஃப்."

"நீங்களும் ஸ்டாஃப்தானே? சாயங்காலம் ஆனா நீங்க எங்க போவீங்க?"

போர்ட்டல் சார் உடனே போர்ட்டலில் தேடினார். ஊழியர்கள் வீட்டுக்குப் போகக் கூடாது என்று ஒரு விதி இருக்கத்தான் வேண்டும் என்று அவருக்கு நம்பிக்கை இருந்தது, ஆனால் கிடைக்கவில்லை. "காலையில நேரத்துக்கு வந்துடணும்," என்று மட்டும் சொன்னார். "வந்துடறேன் சார்," என்றார் லாரிக்காரர், முகத்தைக் கூட மாற்றாமல். வேன் வாசலில் நின்றது. யாரும் தொடவில்லை. பலகையைப் போட்டு, தலையைச் சாய்த்து, தானாகவே வேன் இருக்கைக்கு மாறிக்கொண்டார். பிசியோம்மா கையை ஆட்டினாள். அவளுக்கு சந்தோஷமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. அவர் வெளியே போகிறார், அவளுக்கு முதல் பாடம் காத்திருக்கிறது.

அன்று மாலையே அந்தக் கட்டிலுக்குப் புது ஆள் வந்தார். சாரம் சரிந்து விழுந்த ஒரு பெயிண்டர். நகத்தில் இன்னும் நீலச் சாயம் இருந்தது. மல்லாக்கப் போட்டது போட்டபடி, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லவில்லை.

"இவரைத் திருப்பணும்," என்றாள் பிசியோம்மா.

"மேற்பார்வையாளர் வீட்டுக்குப் போயிட்டாரே. யாரும் தொடக்கூடாது," என்றார் போர்ட்டல் சார்.

அவள் போனை எடுத்தாள். "ஆன்லைன்ல மேற்பார்வை பண்ணினா?"

போர்ட்டல் சார் திடுக்கிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தைக்கு எதிராக அவர் வாழ்நாளில் எதுவும் பேசியதில்லை. "ஆன்லைன்னா..." என்று இழுத்தார். "ஆன்லைன்னா சரிதான்." இது தனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை என்ற யோசனையோடு அவர் டைரக்டரைப் பார்க்க ஓடினார்.

போனில் லாரிக்காரரின் முகம் வந்தது. பின்னால் அவர் வீட்டு அடுப்பும் பாத்திரங்களும் தெரிந்தன. விஷயத்தைக் கேட்டதும், "இருங்க, கட்டிலுக்கு வந்துட்டுப் பேசறேன்," என்று போனை எங்கேயோ சாய்த்து வைத்தார். பிசியோம்மா தன் போனைப் பெயிண்டரின் கண்ணுக்கு நேரே பிடித்தாள். பிரேக் விழுகிற சத்தம் கேட்டது. பலகை உரசியது. ஒரு தலை இந்தப் பக்கம் சாய, ஒரு உடம்பு அந்தப் பக்கம் நகர்ந்தது. பிறகு அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி மேலே வைத்துக்கொண்டு, "ம், சொல்லுங்க," என்றார்.

பெயிண்டர் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"யாரும்மா அது? பெரிய டாக்டரா?"

"இல்லைங்க. இன்னைக்குக் காலையில வரைக்கும் இதே கட்டில்ல இருந்தவரு."

"அவருக்குக் கால் வந்துடுச்சா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. "இல்லைங்க," என்றாள். "வராது."

"அப்புறம் எப்படி அங்கேர்ந்து இங்க வந்தாரு?"

"கையாலதான்."

பெயிண்டர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். போனில் லாரிக்காரர், "திருப்பலாம்மா. மெதுவா," என்றார். பிசியோம்மா பெயிண்டரின் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்தாள். பெயிண்டர் தன் நீல நகக் கைகளை மார்புக்கு மேலே தூக்கி, இதுவரை பார்க்காத எதையோ பார்ப்பதுபோல் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"கை ரெண்டும் நல்லா இருக்கும்மா எனக்கு," என்றார்.